கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரியும்

ஆஸ்திரேலிய அவுட்பேக் (ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட உட்பகுதி) குற்றப் படம் ஒன்றை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்தால் மறுநாள் என்ன பதில் வரும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். "கேமரா சூப்பர். ஆனா படம் நகரவே மாட்டேங்குது." இல்லையென்றால், "ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன், கடைசியில எதையும் தெளிவா சொல்லல." அதுவும் இல்லையென்றால், "அவங்க பேசுற இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியல." மூன்றாவது குறைக்குச் சப்டைட்டில் இருக்கிறது. முதல் இரண்டையும் அப்படித் தள்ளிவிட முடியாது. இந்தச் சின்ன பட்ஜெட் படங்கள் எந்த நாட்டில் ஓடினாலும் பார்வையாளர்கள் இந்த இரண்டையும்தான் சொல்கிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. சில படங்களின் முடிவையும் தொட்டுப் பேச வேண்டியிருக்கும். கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

'லிம்போ'விலிருந்து தொடங்கலாம். 2023-ல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை ஐந்தும் ஐவன் சென் ஒருவரே. 'தி மென்டலிஸ்ட்' தொடரில் சிரித்த முகமாகப் பார்த்த சைமன் பேக்கர் இதில் ஒட்ட வெட்டிய தலையோடு, ஹெராயின் ஊசி போட்டுக்கொள்கிற துப்பறியும் அதிகாரியாக வருகிறார். இருபது வருடங்களுக்கு முன் காணாமல் போன ஒரு பூர்வகுடிப் பெண்ணின் வழக்கை மறுபடி திறக்க முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவர அனுப்பப்பட்டவர். படம் எடுத்த இடம் கூபர் பீடி. அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். 1915-ல் ஓப்பல் கல் கிடைத்ததால் உண்டான ஊர். வெயில் தாங்காமல் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் பூமிக்குள் குடைந்த வீடுகளில் குடியிருக்கிறார்கள். தேவாலயம்கூட மண்ணுக்கடியில்தான். ஊரைச் சுற்றிலும் தோண்டிப் போட்ட மண்மேடுகளும் மூடாமல் விட்ட குழிகளும். இதையெல்லாம் சென் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். செம்மண்ணின் சிவப்பைக் காட்டினாலே பாதிப் பார்வையாளர்களை வென்றுவிடலாம். அந்தச் சிவப்பையே வேண்டாமென்று ஒதுக்கிய துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

படத்தில் நடப்பது இதுதான். அதிகாரி வருகிறார். காணாமல் போனவளின் அண்ணனைத் தேடிப் போகிறார், அவன் பேச மறுக்கிறான். அக்காவைத் தேடிப் போகிறார், அவளுக்கும் பேச விருப்பமில்லை. கார் பழுதாகி அவர் ஊரிலேயே மாட்டிக்கொள்கிறார். இருபது வருடத்துக்கு முன்பு போலீஸ் செய்த விசாரணை என்பது பூர்வகுடி ஆண்களைப் பிடித்துப்போய் மிரட்டியதுதான் என்பது மெதுவாகத் தெரியவருகிறது. அதனால்தான் அந்தக் குடும்பத்துக்குப் போலீஸ் காரைப் பார்த்தாலே வாய் இறுகிப்போகிறது. படம் நகரவில்லை என்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்குக் காலம் நகரவில்லை, அதைக் காட்ட எடுத்த படம் வேறு எப்படி இருக்கும்?

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தப் படங்களில் வரும் ஊர்களில் ஊர்வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. யார் செய்தது என்பது பெரும்பாலும் ஊரில் நாலு பேருக்காவது தெரிந்த சங்கதி. பப்பில் பீர் ஊற்றிக் கொடுப்பவருக்குத் தெரியும். உள்ளூர் சார்ஜென்ட்டுக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் தெரியும். பக்கத்துப் பண்ணை என்றால் அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி. வெளியிலிருந்து வந்தவருக்கு மட்டும் தெரியாது. அவரோடு சேர்ந்து நமக்கும் தெரியாது. ஆகவே இந்தப் படங்களைப் பார்க்கும்போது கொலையாளி யார் என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, யார் யாருக்கெல்லாம் இது முன்பே தெரியும் என்று தேடிப் பார்க்கச் சொல்வேன். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு மௌனமும் ஒரு சாட்சியம். மெதுவாகப் போகிற காட்சியில்தான் நிறைய நடக்கிறது.

இந்த வகைக் கதைகளுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. ஆர்தர் அப்ஃபீல்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1911-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பல வேலைகள் பார்த்து, 1929 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவின் முயல் தடுப்பு வேலியில் பணிசெய்துகொண்டிருந்தார். அடுத்த துப்பறியும் நாவலுக்கு அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது: பாலைவெளியில் ஓர் உடலைத் தடயமே இல்லாமல் எப்படி அழிப்பது? கூட வேலை செய்தவர் ஒருவர் யோசனை சொன்னார். உடலை எரித்து, சாம்பலைச் சல்லடையில் சலித்து, உலோகத் துண்டுகளை அமிலத்தில் கரைத்து, எலும்பைத் தங்கம் தேடுபவர்கள் பாறை இடிக்கும் உரலில் போட்டுப் பொடியாக்கிவிட வேண்டும். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்னோவி ரௌல்ஸ் என்பவனும் இருந்தான். சிறிது காலத்தில் அந்தப் பகுதியில் மூன்று பேர் காணாமல் போனார்கள். அதில் ஒருவரின் திருமண மோதிரம் சாம்பலில் கிடைத்தது. ரௌல்ஸ் எல்லாவற்றையும் செய்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டான். நீதிமன்றத்தில் அப்ஃபீல்ட் சாட்சி சொன்னார். 1932-ல் ரௌல்ஸ் தூக்கிலிடப்பட்டான். நாவல் 1931-லேயே வெளிவந்துவிட்டது. கதைக்காகத் தேடிய வழி கதை அச்சாவதற்கு முன்பே நிஜமாகிவிட்டது. இந்த நிலத்தில் குற்றக்கதை எழுதுபவர்களுக்கு முதலிலேயே இப்படி ஒரு பாரம் ஏறிவிட்டது.

அப்ஃபீல்டின் நாயகன் பெயர் நெப்போலியன் போனபார்ட், சுருக்கமாக போனி. பூர்வகுடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பிறந்த துப்பறிவாளர். 1970-களின் தொடக்கத்தில் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது போனியாக நடித்தவர் ஜேம்ஸ் லாரன்சன், நியூசிலாந்தில் பிறந்த வெள்ளைக்காரர். முகத்துக்குக் கறுப்பு ஒப்பனை போட்டு நடிக்க வைத்தார்கள். அன்றைக்கே அதற்கு எதிர்ப்பு வந்தது. வரத்தானே செய்யும்?

நாற்பது வருடம் கழித்து ஐவன் சென் 'மிஸ்டரி ரோட்' (2013) எடுத்தார். சென்னின் தாய் கமிலராய் இனத்தவர். நாயகன் ஜே ஸ்வானாக நடித்த ஆரன் பீடர்சனும் பூர்வகுடி. பூர்வகுடித் துப்பறிவாளர் ஒருவரின் கதையை அந்த மக்களே எழுதி, அந்த மக்களே நடித்துச் சொல்வதற்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. ஜே ஸ்வான் நகரத்தில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிய அதிகாரி. நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஒரு பூர்வகுடிச் சிறுமியின் உடல் கிடக்கிறது. காவல் நிலையத்தில் சக வெள்ளை அதிகாரிகள் அவரை நம்புவதில்லை. ஊரில் சொந்த மக்களும் அவரை நம்புவதில்லை, அவர் போலீஸ்காரர் அல்லவா. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்க, அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொப்பியோடு நின்று கேள்வி கேட்கிறார். பீடர்சனின் நடையைக் கவனியுங்கள். காரிலிருந்து இறங்கி வீட்டு வாசல் வரை அவர் நடக்கிற அந்தச் சில நொடிகளில், உள்ளேயிருப்பவர் எவ்வளவு சொல்வார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிறார்.

உடல் கிடந்த ஓடைக்குப் படத்தில் மாசக்கர் கிரீக் என்று பெயர், அதாவது படுகொலை ஓடை. இறுதிச் சண்டை நடக்கிற குன்றுக்கும் இதே மாதிரி ஒரு பெயர்தான். மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். படம் எடுத்தது குவீன்ஸ்லாந்தின் வின்டன் ஊர்ப்பக்கம். அந்த ஊருக்குத் தெற்கே உள்ள பிளேடன்ஸ்பர்க் தேசியப் பூங்காவுக்குள் ஸ்கல் ஹோல் என்று ஓர் இடம் இருக்கிறது. 1870-களில் பூர்வகுடி மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட இடமாகச் சொல்லப்படுவது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் லின்டல் ரயன் தலைமையில் 2017-ல் வெளியிடத் தொடங்கிய படுகொலை வரைபடத்தில் இதுபோல நூற்றுக்கணக்கான இடங்கள் பதிவாகியிருக்கின்றன. ஓரிடத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டிருந்தால் மட்டுமே அந்த வரைபடத்தில் சேர்ப்பார்கள். இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு சென் அந்த வெட்டவெளியை மேலிருந்து காட்டும்போது அது இயற்கைக் காட்சியாக எனக்குத் தெரிவதில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

'மிஸ்டரி ரோட்' பார்த்த எல்லோரும் பாராட்டுவது கடைசித் துப்பாக்கிச் சண்டையை. மெதுவாகப் போகிறது என்று சலித்தவர்கள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிரெதிரே நின்று சுடுவதில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத தூரத்தில், ஸ்கோப் வைத்த ரைஃபிளை அசையாமல் பிடித்து, மூச்சை அடக்கிச் சுடுகிறார்கள். பின்னணி இசை கொட்டி முழக்கிக் காதை அடைப்பதில்லை. பார்க்கிற நமக்கும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டை அவ்வளவு நன்றாக இருப்பதற்குக் காரணமே முந்தைய ஒன்றரை மணி நேரம்தான். அந்தத் தூரங்களுக்கு நம் கண்ணைப் பழக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் சென் துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறார். மெதுவாகப் போவதைத் திட்டிவிட்டுச் சண்டையை மட்டும் பாராட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

படத்தில் முடிச்சுகள் சில அவிழாமலே நிற்கின்றன என்பது உண்மை. காட்டு நாய்கள் பற்றிய பேச்சு, ஹ்யூகோ வீவிங் செய்த அந்தச் சக அதிகாரி எந்தப் பக்கம் என்ற குழப்பம், இதெல்லாம் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் ஓரளவு கூடிவருகின்றன. திரையரங்கில் ஒரே ஒரு முறை பார்க்கிறவரிடம் இதை எதிர்பார்ப்பது அதிகம்தான். அங்கே பெரிய வசூலும் இல்லை. ஆனால் அதே ஜே ஸ்வானை வைத்து 2018-ல் ஏபிசி தொலைக்காட்சி ஆறு பகுதித் தொடர் எடுத்தபோது வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். ரேச்சல் பெர்கின்ஸ் இயக்கம், ஜூடி டேவிஸ் கூட நடித்தார். அதற்கடுத்த பருவம் வந்தது, பிறகு இளவயது ஜே ஸ்வானைப் பற்றி 2022-ல் தனியாக ஒரு தொடரும் வந்தது. அதே ஆள், அதே வெயில், கிட்டத்தட்ட அதே நிதானம். ஆறு மணி நேரம் கிடைத்ததும் ஊர்க்காரர்களின் மௌனத்துக்குள் போய் வர இடம் கிடைத்துவிட்டது. மக்களுக்கு நிதானம் பிடிக்காது என்று யாராவது சொன்னால் இந்தத் தொடரைத்தான் பதிலாகக் காட்டுவேன்.

இனி பழைய கதை ஒன்று. 1971-ல் 'வேக் இன் ஃப்ரைட்' வெளிவந்தது. கென்னத் குக் எழுதிய 1961 நாவல், இயக்கியவர் டெட் கோட்செஃப் என்ற கனடாக்காரர். ஒரு பள்ளி ஆசிரியர் கோடை விடுமுறைக்குச் சிட்னி போகும் வழியில் சுரங்க ஊர் ஒன்றில் ஒரு ராத்திரி தங்குகிறார். காசைச் சுண்டிவிட்டுப் பந்தயம் கட்டுகிற டூ-அப் ஆட்டத்தில் இருந்த பணமெல்லாம் போய்விடுகிறது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் அவரை விடுவதில்லை. அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை. பீர் வாங்கிக் கொடுக்கிறார்கள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிறார்கள். அந்த உபசாரத்திலேயே ஒரு மனிதன் அழுகிப்போகிறான். வெளிப்புறக் காட்சிகள் எடுத்தது நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில்லில். நீலமும் பச்சையும் கண்ணில் படக்கூடாது என்று கோட்செஃப் உத்தரவு போட்டிருந்தாராம். படம் பார்த்தால் தொண்டை வறண்டுபோவதற்கு அது ஒரு காரணம்.

கான் விழாவில் போட்டியிட்டது, பாரிஸில் மாதக்கணக்கில் ஓடியது. ஆஸ்திரேலியாவில் கூட்டம் வரவில்லை. ஆரம்பகாலக் காட்சி ஒன்றில் ஒருவர் எழுந்து நின்று திரையைக் கைகாட்டி, "இது நாமில்லை!" என்று கத்தினாராம். அரங்கில் இருந்த ஜாக் தாம்சன், படத்தில் நடித்தவர்களில் ஒருவர், "உட்காரப்பா, அது நாமேதான்" என்று திருப்பிச் சொன்னாராம். இந்தச் சம்பவத்தை ஆஸ்திரேலிய சினிமா பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தக் கத்தியவர் பக்கம் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் திரையைத் தன் ஊர் என்று எடுத்துக்கொண்டதால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. படம் மெதுவு என்று சொல்லி நடுவில் எழுந்துபோனவர்களை விட அவர் அதை ஆழமாகப் பார்த்திருக்கிறார்.

அப்புறம் அந்தப் படமே தொலைந்துபோனது. நல்ல பிரதி எங்கும் இல்லை. படத்தொகுப்பாளர் அந்தோணி பக்லி வருடக்கணக்கில் தேடி, கடைசியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு கிடங்கில் மூல நெகட்டிவைக் கண்டுபிடித்தார். அழிக்க வேண்டியவை என்று எழுதி வைத்திருந்த பெட்டிகளுக்குள் அது இருந்தது. புதுப்பித்த பிரதி 2009-ல் மீண்டும் கானில் திரையிடப்பட்டது, தேர்ந்தெடுத்தவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. முதல் தடவை ஒதுக்கிய அதே ஆஸ்திரேலியாவில் இம்முறை வரவேற்பு. படத்தில் ஒரு காட்சி மாறவில்லை. நடுவே ஒரு தலைமுறை போயிருந்தது, அவ்வளவுதான்.

சின்ன பட்ஜெட் என்று பேச ஆரம்பித்தால் 'வுல்ஃப் கிரீக்' (2005) இல்லாமல் முடியாது. கிரெக் மெக்லீன் சுமார் 14 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் எடுத்தது. சன்டான்ஸ் போனது, உலகமெங்கும் விற்றது, போட்டதைப் போலப் பல மடங்கு எடுத்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று வெளியிட்டார்கள். படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்கிற சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் கடைசித் தரமான 'எஃப்' வாங்கியது. ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. முதல் பாதி மூன்று இளைஞர்களின் கார்ப் பயணம். அவர்களை நமக்குப் பிடித்துப்போகச் செய்துவிட்டு, பிறகு ஜான் ஜாரட் நடித்த மிக் டெய்லரிடம் ஒப்படைக்கிறார்கள். அவன் பேச்சு, சிரிப்பு, தொப்பி எல்லாம் சுற்றுலா விளம்பரத்தில் வருகிற நல்ல மனசுக்கார அவுட்பேக் மாமா மாதிரியே இருக்கும். அதுதான் பயம்.

ஆனால் எனக்கு அந்தப் படத்தில் உறுத்துவது வேறொன்று. உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது என்று படம் அறிவித்துக்கொள்கிறது. அதற்குத் தூண்டுதலான குற்றங்களில் ஒன்று ஐவன் மிலாட் ஏழு பேரைக் கொன்ற வழக்கு. அது நடந்தது பெலாங்லோ காட்டில், சிட்னியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பைன் மரக் காட்டில். படம் அந்தப் பயங்கரத்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மேற்கு ஆஸ்திரேலியாவின் விண்கல் பள்ளத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. நகரத்துக்குப் பக்கத்தில் நடந்ததைத் தூரத்துச் செம்மண்ணின் மேல் போட்டுவிட்டால் நகரத்தார் நிம்மதியாகத் தூங்கலாம். இன்னொரு தூண்டுதல் 2001-ல் வடக்குப் பிரதேசத்தில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பிரிட்டிஷ் பயணி பீட்டர் ஃபால்கோனியோ கொல்லப்பட்டது. படம் வெளிவந்த நேரத்தில் அந்த வழக்கு டார்வினில் நடந்துகொண்டிருந்ததால் அந்தப் பிரதேசத்தில் மட்டும் வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்ட பிராட்லி முர்டாக் 2025-ல் அது எங்கே என்று சொல்லாமலே செத்துப்போனான்.

'வுல்ஃப் கிரீக்' பார்த்தவர்கள் அலுக்காமல் சொல்கிற ஒரு குறை உண்டு: கையில் துப்பாக்கி கிடைத்தும் பயணிகளில் ஒரு பெண் மிக் டெய்லரை ஏன் ஒரேயடியாகக் கொன்றுபோடவில்லை? நானும் அந்த இடத்தில் திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். ஃபால்கோனியோவோடு பயணம் செய்த பெண் அன்றிரவு இருட்டில் புதருக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்து தப்பினார். தப்பி வந்தவரைப் பத்திரிகைகளும் பொதுமக்களும் சந்தேகப்பட்டார்கள். அவர் எதிர்பார்த்தபடி அழவில்லை, எதிர்பார்த்தபடி பேசவில்லை. அதற்கு முன்பு லின்டி சேம்பர்லின். 1980 ஆகஸ்டில் உலுரு பாறைக்கு அருகில் கூடாரத்திலிருந்து அவருடைய ஒன்பது வார மகள் அசாரியாவை டிங்கோ நாய் தூக்கிப்போனது. தாய் கேமராவுக்கு முன்னால் நிதானமாகப் பேசினார் என்பதே நாட்டுக்குச் சந்தேகமாகிவிட்டது. 1982-ல் ஆயுள் தண்டனை. குழந்தையின் மேல்சட்டை கிடைத்த பிறகு 1986-ல் விடுதலை. 1988-ல் தண்டனை ரத்து. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி இறுதியாக எழுதியது 2012-ல். முப்பத்திரண்டு வருடம். பாதிக்கப்பட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்க்கிறவர்கள் ஒரு திரைக்கதை வைத்துக்கொண்டு அதில் அவர் பொருந்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும். படத்தில் வரும் பெண் பதறித் தவறு செய்கிறாள் என்றால் அதை உடனே திரைக்கதை ஓட்டை என்று எழுதிவிடாதீர்கள் என்று இதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளில்லாத வெளிதானே, செட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், அதனால் மலிவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நடிகர்கள் குறைவு என்பது சரி. ஆனால் சாப்பாடு, தண்ணீர், டீசல், ஜெனரேட்டர், தங்குமிடம் எல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு லென்ஸ் கெட்டால் மாற்று வர ஒரு நாள் போய்விடும். உச்சி வெயிலில் ஆட்களும் தாங்க மாட்டார்கள், ஒளியும் தட்டையாகிவிடும் என்பதால் காலையையும் மாலையையும் நம்பித்தான் அட்டவணை போடுகிறார்கள். தயாரிப்பாளருக்குத் தகுதியான செலவில் 40 சதவீதத்தை வரிவழியாகத் திருப்பித் தருகிற அரசு ஏற்பாடு 2007-லிருந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் இவற்றில் பாதிப் படங்கள் எழுதிய தாளோடு நின்றிருக்கும். ஐவன் சென் ஐந்து வேலையை ஒருவராகச் செய்வதில் கலைப் பிடிவாதம் இருக்கிறது, கூடவே சிக்கனமும் இருக்கிறது. வெளியே அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சோறும் கணக்கில் ஏறுகிறது.

எல்லாச் சின்னப் படங்களையும் நான் தாங்கிப் பேசவில்லை. 'ஸ்வெர்வ்' (2011) என்று ஒரு படம். சாலை விபத்து, பெட்டி நிறையப் பணம், ஒரு நேர்மையான வழிப்போக்கன், அழகான மனைவி, சந்தேகத்துக்குரிய போலீஸ்காரக் கணவன். ஜேசன் கிளார்க் இருக்கிறார், கார் துரத்தல்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இந்தக் கதையைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் டெக்சஸில் வைத்தாலும் ஒரு வசனம் மாற்ற வேண்டியதில்லை. நிலம் வெறும் திரைச்சீலை. இந்த மாதிரிப் படத்தைப் பார்வையாளர்கள் மறந்துவிட்டால் அது சரிதான்.

இதற்கு மறுபக்கம் 'தி ட்ரை'. ஜேன் ஹார்ப்பரின் நாவல், எரிக் பேனா நடிப்பு, ராபர்ட் கொனொலி இயக்கம், 2021 புத்தாண்டன்று ஆஸ்திரேலியாவில் வெளிவந்து 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விக்டோரியா மாநிலத்தின் விம்மெரா கோதுமை வட்டாரம் கண்டிப்பாகச் சொன்னால் அவுட்பேக் ஆகாது. பட்ஜெட்டும் அவ்வளவு சின்னதல்ல. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு மர்மங்கள், இரண்டுக்கும் கடைசியில் தெளிவான விடை. பார்வையாளர்களுக்கு நிறைவு. நல்ல படம், எனக்கும் பிடித்தது. என்றாலும், ஒரு மாதம் கழித்து விடை நினைவிலிருந்தது, அந்த ஊர் நினைவில் இல்லை. கிட்டி கிரீனின் 'தி ராயல் ஹோட்டல்' (2023) விஷயத்தில் எனக்கு நேர்மாறாக நடந்தது. இரண்டு பெண்கள் சுரங்கப் பகுதி பப் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறார்கள். அசம்பாவிதம் நடந்துவிடுமோ என்று படம் முழுக்க வயிறு கலங்குகிறது. "கடைசி வரைக்கும் ஒண்ணுமே நடக்கல" என்று சலித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது என் அனுபவம். என்னோடு பேசிய பெண்கள், முதல் காட்சியிலிருந்தே நடந்துகொண்டுதான் இருந்தது என்றார்கள்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு: முதலில் 'மிஸ்டரி ரோட்' படம், பிடித்திருந்தால் உடனே அதன் தொடர்ச்சியான 'கோல்ட்ஸ்டோன்' (2016). அதில் மறைந்த டேவிட் குல்பிலில் சிறிது நேரமே வருகிறார், அந்த நேரம் முழுக்கப் படம் அவருடையது. ஜே ஸ்வானோடு பழகிய பிறகு தொலைக்காட்சித் தொடரையும் 'லிம்போ'வையும் எடுங்கள். சப்டைட்டில் போட்டே பாருங்கள், உள்ளூர்ப் பேச்சு வேகமாகவும் வாய்க்குள்ளேயும் போகும். 'வேக் இன் ஃப்ரைட்'டைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ராத்திரி கங்காரு வேட்டைக் காட்சி வருகிறது. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் நிஜமாகவே சுட்டதைப் பதிவுசெய்து சேர்த்தது, நடிப்பு இல்லை. படத்தின் முடிவில் அதைப் பற்றித் தயாரிப்பாளர்கள் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். விலங்குகள் சாவதைப் பார்க்க முடியாதவர்கள் வண்டியில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற இடத்திலிருந்து அடுத்த நாள் விடியும் வரை தள்ளிவிட்டுப் பாருங்கள், கதை விட்டுப்போகாது.